மூன்றாவது விருந்தாளி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். என் மகள் உன்னை ரொம்பப் படுத்துகிறாளா?

இந்த வாரம் எனக்கு எங்கள் ஹோட்டலின் கடலோர வில்லாவில், அந்தத் தனி பங்களாவில், வேலை. தங்கியிருப்பது புருஷனும் பெண்டாட்டியும்தான். ஆனால் தட்டு மூன்று வைக்க வேண்டும், சின்னக் கட்டிலும் விரிக்க வேண்டும். "பையனுக்கு மெத்துனு தலையணையா போடும்மா" என்கிறார் அந்த அம்மா. பையன் யாரும் இல்லை. வேலைக்காரர்கள் சாப்பாட்டு அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "நாம இப்படிப் பேசினா பைத்தியம்னுவாங்க. இவங்க பேசினா படுக்கை போடுறோம்" என்றாள் சலவைக்காரி. சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் இதே கடலில் குளிக்கப் போன அவர்கள் பிள்ளை திரும்பவே இல்லையாம்.

காலையில் சின்னக் கட்டில் கசங்கிக் கிடக்கிறது. அந்த அம்மாதான் படுக்கிறார் போல. விரிப்பெல்லாம் ஈரம், மணல் வேறு.

உன் தங்கை,
குட்டி

மார்ச் 13

அன்புள்ள குட்டிக்கு,

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீ பார்க்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள். பெரிய இடத்து விஷயம் நமக்கு எதற்கு? விரித்தோமா, வந்தோமா என்று இரு. உன் வேலை ஒப்பந்தம் முடிகிறதே, இந்த முறையாவது நீட்டிக்காமல் வந்து சேர். "அம்மா யார் வீட்ல இருக்காங்க?" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் வில்லாவை வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டு, தினமும் அந்தக் கட்டிலை விரித்துப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். "நீ இருந்தா அவன் பயப்பட மாட்டான்" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார் அந்த அம்மா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சம்பளத்துக்குத்தானே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் மெத்தை மெல்ல அழுந்தியது. சில்லென்று ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது.

பயம் வரவில்லை, அக்கா. கோபம்தான் வந்தது. எச்சில் தட்டு, அழுக்குத் துணி எல்லாம் விட்டுப் போவார்கள். அது எங்கள் பிழைப்பு. பெற்ற பிள்ளையையுமா? எப்படி மனசு வந்தது? அவனுக்காக இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா என்று பார்க்கிறேன்.

குட்டி

ஏப்ரல் 3

குட்டி,

"பெற்ற பிள்ளையையுமா?" என்று நீ கேட்ட கேள்வியை நீயே இன்னொரு தடவை படித்துப் பார்.

பாப்பாவுக்குக் காய்ச்சல். தூக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. இனியும் திருத்துவதாக இல்லை.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். பல தடவை படித்தேன். வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் வந்துவிடுவேன்.

அவனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவன் என் விரலை விடவில்லை. வாசல் தாண்டினேன், தோட்டம் தாண்டினேன், அப்போதும் விடவில்லை. இதை எழுதும்போது இடது கை சில்லிட்டே இருக்கிறது. உதறிவிட எனக்கு மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

உன் குட்டி

ஏப்ரல் 19

அன்புள்ள குட்டிக்கு,

காய்ச்சல் விட்டது. நான் அவளிடம் வாயே திறக்கவில்லை. நேற்று அவளாகவே தன் பழைய ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள். "யாருக்குடி இது?" என்றேன்.

"அம்மா கூட்டிட்டு வர்றாங்கல்ல, அவனுக்கு. நனைஞ்சுக்கிட்டே வர்றான், பெரியம்மா."

கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன். ரெண்டு பேரும் பத்திரமாக வந்து சேருங்கள்.

அக்கா