காஞ்சோண்டித் தோட்டக்காரிக்கு

இன்று காலை வகுப்புக் கதவைத் திறக்கும் முன்னரே என் வலது மணிக்கட்டு தடித்துவிட்டது. பின்புறப் பாத்தியில் நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்து கிடந்த காஞ்சோண்டிச் செடியை உள்ளே தள்ளிவிடப் போனேன். அது தன் வேலையைக் காட்டிவிட்டது. சொறிந்துகொண்டே உம்மைத் திட்டினேன். நீர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் உம்மைத் திட்டாமல் எனக்கு ஒரு சனிக்கிழமை கழிவதில்லை.

எல்லாம் உம்முடைய இரண்டாம் வகுப்பால் வந்த வினை. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் தோட்டம் போட்டு மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளைக் காப்பாற்றும் படத்தை யாரோ கைபேசியில் காட்ட, "எங்கட ஹம் நகரத்துக்கும் அது வருமோ டீச்சர்?" என்று அபிநயா கேட்டாள். வராது என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தியிருக்கலாம். நீரா நடத்துவீர்? "அது இஞ்ச வராது. இஞ்ச இருக்கிறதுக்கு நாங்கள் சாப்பாடு போடுவம்" என்றீர். சிறகில் மயில்கண் போட்ட இந்த ஜெர்மன் ஊர் வண்ணத்துப்பூச்சி காஞ்சோண்டியில்தான் முட்டையிடும், அதன் புழுவான மயிர்க்கொட்டி அந்த இலையைத்தான் தின்னும் என்று அடுத்த கிழமையே கண்டுபிடித்து வந்தீர். மற்றவர்கள் பிடுங்கி எறியும் பூண்டைப் பிள்ளைகளைக் கொண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரே ஆசிரியை நீராகத்தான் இருப்பீர்.

உமக்கென்ன, நீர் வகுப்பை முடித்துவிட்டு ரயிலேறிப் போய்விடுவீர். தமிழ்ப் பள்ளிக்குப் பொறுப்பு நான். பெற்றோரின் தொலைபேசி எனக்குத்தான் வரும். "தமிழ் படிக்க விட்டால் பிள்ளை கை முழுக்கத் தடிச்சுக்கொண்டு வருது." "அங்க மயிர்க்கொட்டி வளக்கிறீங்களாம், உண்மையே?" கட்டடத்தைப் பார்க்கும் ஹவுஸ்மைஸ்டர் வேறு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் களை, களை என்று தலையாட்டுவார். இத்தனையையும் உம்மிடம் வந்து கொட்டினால், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "கொஞ்சம் பொறுமப்பா" என்பீர். அதைக் கேட்டாலே எனக்குத் தலை வெடிக்கும். ரோசா வைப்போம், லாவண்டர் வைப்போம், பார்க்கவும் ஒரு லட்சணமாக இருக்கும் என்று எத்தனை தரம் சொன்னேன்! "பூ வைக்க ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம். மயிர்க்கொட்டிக்கு ஆர் இலை குடுக்கிறது?" என்றீர். மூன்று வருடம் இதே சண்டை. பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர், திரும்பவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது உமக்கு நியாயமாகப் பட்டதோ தெரியவில்லை.

இந்த ஆனியில் உம்முடைய ஆண்டு நினைவு வந்தது. பெற்றோர் குழு கூடி உமக்கு நினைவுத் தோட்டம் அமைக்க முடிவெடுத்தது. எங்கே? உம்முடைய பாத்தியில். எப்படி? காஞ்சோண்டியை வெட்டி வழித்துவிட்டு, வெள்ளைக் கல் பரப்பி, நடுவில் உம்முடைய படம், சுற்றிவர ரோசா. எனக்கு அன்று காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை. விஷயம் தெரிந்ததே சனிக்கிழமை காலை, புல் வெட்டும் மெஷின் சத்தம் தெருமுனையில் கேட்டபோதுதான்.

ஓடினேன். நான் ஓடி நீர் பார்த்ததில்லை, அதனால் நம்பமாட்டீர். ஒரு மூலையை அதற்குள் வெட்டிவிட்டார்கள். வெட்டிய தண்டுகளில் கரிய மயிர்க்கொட்டிகள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. உம்முடைய வகுப்புப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றார்கள். அபிநயாவின் தகப்பன், நல்ல மனிதர், உம்மில் அவ்வளவு மரியாதை உள்ளவர், ஒன்றும் விளங்காமல் மெஷினை நிறுத்தினார்.

"டீச்சருக்காகத்தானே செய்யிறம்? நீங்களும்தானே இதை வெட்டச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம், சொன்னனான். இப்ப வெட்ட ஏலாது எண்டும் நான்தான் சொல்லுறன்."

"ஏன் அக்கா? படத்துக்குப் பக்கத்தில காஞ்சோண்டி நிண்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"அவ இருந்தவரைக்கும் ஆக்கள் சொன்னதைக் கேட்டவவே?"

அவர் மெஷினை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பிள்ளைகள் வெட்டுண்ட தண்டுகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, நின்ற செடிகளின் மேல் வைத்தார்கள். அன்று தமிழும் இல்லை, கணக்கும் இல்லை. தகப்பன்மார் ரோசாக் கன்றுகளை வாசல் பக்கம் நட்டார்கள். வெள்ளைக் கல்லை யாரோ தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். உமக்கான அஞ்சலிப் பேச்சுகள் நீண்டு போயின. பிள்ளைகள் ஒருவரும் உள்ளே இருந்து கேட்கவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டோமே, ஒரு வண்ணத்துப்பூச்சியாவது பறக்கக் கண்டோமா? இல்லை. ஆறு கிழமைப் பள்ளி விடுமுறைக்குள் எல்லாம் கூடு கட்டி, சிறகு முளைத்து, போயே போய்விட்டன. நன்றி கெட்ட பூச்சிகள். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் கண்டதெல்லாம் ஓட்டை விழுந்த இலைகள். அவர்களோ அந்த ஓட்டைகளைப் பார்த்தே துள்ளினார்கள். "வடிவாச் சாப்பிட்டிருக்கினம், டீச்சர்!" என்றாள் அபிநயா, விருந்து வைத்த வீட்டுக்காரி மாதிரி.

தொலைபேசி இன்னும் ஓயவில்லை. நேற்று ஒரு தாய் எடுத்து, பிள்ளையின் கை தடித்திருக்கிறது, அந்தப் பூண்டை எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டார். மூன்று வருடமாக நான் உம்மிடம் கேட்ட அதே கேள்வி, ஏறக்குறைய அதே குரல். "கொஞ்சம் பொறுங்கோ" என்று என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு எனக்கே என்னில் கோபம் வந்தது.

இன்று வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வேலியோரத்தைக் காட்டி, அங்கேயும் காஞ்சோண்டி விடலாமா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். இனி உம்முடைய பக்கத்துக்கும் நான்தான் வாதாட வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? நீர் வென்றுவிட்டீர். அதை ஒரு தரம் என் வாயால் கேட்க நீர் இல்லாமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.