மறுவீடு வந்த தாள்

சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்த என் மதினிக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் சீசன் இது. சாரல் முந்திக்கொண்டது. என் அச்சகத்தில் தாளெல்லாம் நமுத்துப்போய், மிஷினில் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. "தாளுக்குச் சளி பிடிச்சிருக்கு, ஜன்னலைச் சாத்துங்க தம்பி" என்று சொல்ல ஆள் இல்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார். இன்னும் லாரிதான், இன்னும் செங்கோட்டை வழிதான், இன்னும் எதற்கும் வாய் திறப்பதில்லை.

நேற்று குற்றாலம் போயிருந்தேன். குளித்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத் தாளையும் சோப்பு அட்டையையும் பாறை இடுக்கில் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நாலைந்து பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நீங்கள் எத்தனை வருஷம் இதைச் செய்தீர்கள்? தென்காசியில் கடை கடையாக ஏறிப் பழைய தாள் கேட்டீர்கள். வீட்டு மச்சில் அதைக் காயப்போட்டுச் சாக்கில் கட்டி அண்ணன் லாரியில் ஏற்றினீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மில்லில் அதை ஊறவைத்து, அரைத்து, புதுத் தாளாக்கினார்கள். லாரிக்காரர் பெண்டாட்டி குப்பை பொறுக்குகிறாள் என்று தெருவில் பேசியதை நீங்கள் காதில் வாங்கிக்கொண்டீர்களா என்ன?

பொறுக்கியதோடு விட்டீர்களா? அந்த மில் தாளைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினீர்கள். தவிட்டு நிறம். தொட்டால் சொரசொரவென்று இருக்கும். மையை மடக்கு மடக்கென்று குடிக்கும். "இதுல அடிச்சா எவன் மதினி வாங்குவான்?" என்று கத்தினேன்.

"பழைய தாளைக் குடுக்க ஊரே வருது தம்பி. திரும்பி வாறதை வாங்கத்தான் ஆள் இல்ல. நாம வாங்கலைன்னா மில்லுக்காரன் எதுக்கு நம்ம சாக்கை எடுக்கான்? கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தா வாசல்ல நிறுத்தியா அனுப்புதோம்? விருந்து வைக்கோம்லா. இதுவும் மறுவீடு வந்த தாளுதான். உள்ள கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். பில் புக் அடிக்க வருகிற கடைக்காரர்கள்கூட, "அண்ணாச்சி, மறுவீட்டுத் தாள்லயே போட்டிருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் வந்தது உங்கள் மகள் கோமதியின் கல்யாணம். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச வருஷம் இருக்கும். பத்திரிகைக்கென்று நல்ல வழுவழுப்பான அட்டை நான் எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் வாங்குங்கன்னு சொல்லிட்டு, எம் மக கல்யாணத்துக்கு மட்டும் வேற தாளா?" என்று கேட்டீர்கள். அட்டையைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா அச்சன்புதூரிலிருந்து வந்து நின்றார். கையில் நம் பத்திரிகை.

"கோபப்படாதீங்க சம்பந்தியம்மா. கருமாதிக் கடுதாசி வந்தா படிச்சதும் கிழிச்சு வெளியில போட்டிருதோம். வீட்டுல வச்சுக்கிடுததில்ல. கிழிச்சுப் போட்டதையும் பொறுக்கி அரைச்சுத்தானே இந்தத் தாளு செய்யுதாங்க? அதுல எம் பையன் பேரைப் போடலாமா? வேற அடிங்க. இல்லன்னா நாளைத் தள்ளி வைப்போம்."

தள்ளிப்போகிற கல்யாணம் அப்புறம் நடக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அண்ணன் மோட்டுவளையைப் பார்த்தார். கோமதி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு அட்டை எடுத்துவர நான் எழுந்தேவிட்டேன். நீங்கள் கையைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள்.

"கெடக்கும் சம்பந்தியம்மா. கருமாதிக் கடுதாசியும் அதுல கெடக்கும், கல்யாணப் பத்திரிகையும் கெடக்கும், பிள்ளைக பரீட்சைத் தாளும் கெடக்கும். நாம துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா என்ன செய்தோம்? தலைமுழுகிட்டு அடுப்பைப் பத்த வைக்கோம். ஒரு முங்கு முங்கினா நம்ம தீட்டு போயிருது. இந்தத் தாளு தொட்டித் தண்ணியில ஊறி, அரைஞ்சு, பிழிஞ்சு, வெயில்ல காஞ்சுல்லா வந்திருக்கு. இதைவிட நல்லா யாரு தலைமுழுகினா?"

சம்பந்தியம்மா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, உங்க அம்மை எல்லாத்துக்கும் இப்படித்தான் பதில் சொல்லுவாளா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை" என்றாள் கோமதி, பயந்துகொண்டே.

"சரி. ஒரு வாய் காப்பி கொண்டா."

அந்தப் பத்திரிகையோடுதான் கல்யாணம் நடந்தது. என் அச்சகத்தில் அடித்ததிலேயே எனக்குப் பெருமை அதுதான். கீழே அச்சகத்தின் பெயரை வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிதாகவே போட்டிருந்தேன். நீங்கள் கவனித்தீர்களா?

தை மாதம் உங்கள் கருமாதிக் கடுதாசிக்கும் நான்தான் அச்சுக் கோத்தேன். எந்தத் தாளில் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. உங்கள் பெயருக்கு எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்தேன் மதினி. அழுதேன். அழுதுகொண்டேதான் அடித்தேன்.

கருமாதியன்று சம்பந்தியம்மா வந்தார். முழங்கால் வலி, கோமதியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நேராக என்னிடம் வந்து மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எல்லாம் உங்கள் கடுதாசி, துண்டு துண்டாக.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, கிழிச்சேன். வெளியில போட மனசு வரலை. எங்க தெருவுல கிழிச்சவுகளையும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். உங்க மதினி சாக்குலயே போடுங்க. மறுவீட்டுக்கு வரட்டும்."

முடிச்சை அப்படியே வாங்கி உங்கள் சாக்கில் போட்டேன். அந்தச் சாக்கை அண்ணன் யாரையும் தொடவிடவில்லை, தன் கையாலேயே லாரியில் ஏற்றினார்.

போன வாரம் மில்லிலிருந்து தாள் வந்தது. அதே தவிட்டு நிறம், அதே சொரசொரப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே கறுப்புப் புள்ளி தெரிகிறது. அதில் எது உங்கள் பெயரில் இருந்த மை? யாரால் சொல்ல முடியும்?

ஆவணியில் கோமதியின் சின்ன மகளுக்குக் காது குத்துகிறோம். முகம் உங்கள் முகம், வாயும் உங்கள் வாய்தான். அச்சன்புதூரிலிருந்து உத்தரவு வந்துவிட்டது: "பத்திரிகை அந்தத் தாள்லதான் அடிக்கணும். வேற தாள்ல அடிச்சா நான் விசேஷத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிருங்க."

முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் நானே மஞ்சள் தடவுவேன். உங்களை வாசலில் நிறுத்த மாட்டேன் மதினி. உள்ளே கூப்பிடுவேன்.

மை படிந்த கையோடு,
உங்கள் கொழுந்தன்,
தென்காசி.