புதுத்தண்ணீரில் பிடித்த விரால்

சம்பந்தி,

பக்கத்து வீட்டுச் சேவல் இன்று காலை எங்கள் வாசலில் ஒரு செம்பட்டை இறகை உதிர்த்துவிட்டுப் போயிருந்தது. பெருக்கித் தள்ளப் போன என் மனைவியிடமிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கிவைத்துக்கொண்டேன். அவள் ஒருமாதிரி பார்த்தாள். வாய்க்காலுக்கு மேட்டூர்த் தண்ணீர் நேற்றுதான் வந்து சேர்ந்தது. தண்ணீரும் இறகும் ஒன்றாக வந்தால் நான் வேறு யாரை நினைப்பேன், சொல்லுங்கள்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில், நாம் இருவரும் மரியாதை மரியாதை என்று விறைத்துப்போய் உட்கார்ந்திருப்போம். அந்த விறைப்பை உடைத்தது பிரான்சிலிருந்து உங்கள் தம்பி கொண்டுவந்த தூண்டில். புழு வேண்டாம், மாவு வேண்டாம். முள்ளில் சேவல் இறகை நூலால் கட்டி, பூச்சி விழுவதுபோல் தண்ணீர்மேல் விழவைக்க வேண்டும். அம்பகரத்தூர் வரப்பில் நின்று அந்த நீளக் கயிற்றை நீங்கள் முன்னும் பின்னும் வீசிப் பழகியபோது, மாடு விரட்டுகிறார் என்றுதான் ஊர் நினைத்தது. என் முதல் வீச்சில் முள் உங்கள் வேட்டியில் மாட்டியது. பெரிய மீனாகத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று சிரித்தீர்கள். அதற்கப்புறம் நமக்குள் ஏது விறைப்பு!

கரை முட்டத் தண்ணீர் ஓடும் நாட்கள்தான் உங்களுக்குக் கொண்டாட்டம். நான் மடையன்போல நடு வாய்க்காலைப் பார்த்தே வீசுவேன். அந்த வேகத்தில் மீன் நடுவில் நிற்காது, ஓரத்துக் கோரைக்குள் ஒதுங்கிவிடும் என்பீர்கள். கலங்கலில் இறகை மீனுக்குக் காட்டுவதே பெரும்பாடு. புதுத்தண்ணீரில் ஒரு விரால் பிடித்துக் காட்டுங்கள், இந்தத் தூண்டிலே உங்களுக்கு என்று பந்தயமும் கட்டினீர்கள். ஒரே ஒரு கண்டிப்புதான். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகக் கொப்பளிக்கும் இடத்தில் இறகு விழக்கூடாது.

"குஞ்சோட திரியிற விரால் பசியில கடிக்காதுங்க சம்மந்தி, பயத்துல கடிக்கும். அதப் புடிக்கிறதுல என்னங்க இருக்கு?"

அப்புறம் ஒரு வருடம், புதுத்தண்ணீர் வந்த சமயத்தில், உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். காயம் ஆற விரால் நல்லது என்று உங்கள் வீட்டம்மா சொன்னதும், கடையில் வாங்காதீர்கள், நானே பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று போனில் பீற்றிக்கொண்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். மூன்று நாள் வீசினேன். தண்ணீர் நுரைத்து ஓடியதே தவிர ஒரு பொடி மீனும் தொடவில்லை. சம்பந்தி வீட்டுக்கு, அதுவும் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க, வெறுங்கையோடு போவதா? நாலாம் நாள் வாய்க்காலை ஒட்டிய குட்டையில் சிவப்பாகக் குஞ்சுகள் கொப்பளித்தன. ஒரே வீச்சு. இறகு விழுந்த மாத்திரத்தில் தாய் விரால் பாய்ந்து கடித்தது. கரையில் அது துடித்தபோது குஞ்சுகள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. கொக்குகள் இறங்கின. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டீர்கள். மதகடி ஓரத்தில், கோரைக்குள் என்றேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த தூண்டிலை என் பக்கமே தள்ளினீர்கள்.

"ஜெயிச்சிட்டீங்க. இனிமே இது உங்களுதுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தி முன்னால் தலைகுனிய மனம் வரவில்லை. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று இரண்டு வருடம் ஓட்டினேன். தை மாதம் நீங்கள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கருமாதிக்கு வந்த உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் போன் போட்டா ஒங்க பேச்சுதாங்க. எங்க சம்மந்தி புதுத்தண்ணியிலயே விரால் புடிச்ச ஆளுன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு." டீத் தம்ளரை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அதுவும் ஒரு பொய்தான். வெட்கமாக இருக்கிறது சம்பந்தி.

இன்று சாயங்காலம் அந்தச் செம்பட்டை இறகை முள்ளில் கட்டி எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனேன். ஓரத்தில்தான் வீசினேன். பொழுது சாயும்வரை ஒன்றும் தொடவில்லை. திரும்பும் வழியில் அந்தக் குட்டையில் சிவப்பாகக் கொப்பளித்தது. கயிற்றைச் சுற்றிக்கொண்டு சற்றுத் தள்ளியே நடந்து வந்தேன்.

பந்தயத்தில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை. புதுத்தண்ணீரில், கோரை ஓரத்தில், பசியோடு ஒரு விரால் வந்து கடிக்கும்வரை தூண்டில் உங்களுடையதுதான். நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன், அவ்வளவுதான்.