படத்தை மாற்றாதே

அன்புள்ள மகனுக்கு,

நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுப் பானுமதி எழுதுகிறாள். உன் அம்மாவின் கருமாதி முடியும்வரை மலைக்கோட்டைக் கடையோடு ஆன்லைன் கடையையும் மூடச் சொன்னேன். "மூடினா அப்புறம் தேடுறவங்களுக்கு நம்மளக் கடைசியிலதாம்ப்பா காட்டும்" என்றாய். அப்படித்தான் ஆயிற்று. உள்பாவாடை என்று தேடினால், விரல் வலிக்கத் தள்ளிய பிறகே நம்முடையது வருகிறது. இன்று கேட்டாலும் மூடத்தான் சொல்வேன்.

ஆனால் கடையை விடமாட்டேன். ஆர்டர் வந்த அன்றே கட்டி அனுப்புகிறேன். வாங்கியவர்கள் நல்லபடியாக எழுத எழுத, கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறோம்.

அந்தக் கோபத்தில் என்னோடு பேசாவிட்டாலும், "மாடல் பொண்ணு படத்தப் போட்டா சீக்கிரம் ஏறும்" என்று பானுமதியிடம் சொன்னாயாமே. வேண்டாம். இப்போதுள்ள படத்தில் பச்சைப் பாவாடையை விரித்துப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்தக் கையோடுதான் முதல் பக்கத்துக்கு வருவோம்.

உன் அப்பா