மூன்றாவது மிதி

உன் மனைவி மல்லிகா இன்று காலை என் கடைக்கு வந்து, ஒரு கட்டைப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பையின் வாய் வழியாக வேப்பெண்ணெய் வாடை வந்தது. உன் கால் வெடிப்புக்கு நீ தடவிக்கொள்ளும் எண்ணெய். நீ போய் நாற்பது நாள் ஆகியும் பைக்குள் இருக்கும் உன் மிதிப் பலகை வாடையை விடவில்லை.

"வீட்ல இத பாத்துகினே இருக்க முடியலண்ணா. நீங்க செஞ்சதுதான, நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். பிறகு ஒரு பென் டிரைவை நீட்டினாள். "கடசியா போட்டுகினு இருந்த பொடவ பார்டர் இதுல கீது. கடசி வரிசை வரைக்கும் முடிச்சிட்டாரு. முடிவுல ஒரே ஒரு கட்டம் தப்பா நிக்குது. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க, பார்ட்டி கேட்டுகினே கீறாங்க."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் போனபிறகு ஒரு போனுக்கு டிஸ்பிளே மாற்ற எடுத்தேன். ஸ்க்ரூ ஒன்று எங்கோ உருண்டது. தேடவில்லை. சாப்பிட்டால், தூங்கினால் போகிற அசதி இல்லைடா இது. பையைத் திறக்கவும் கை வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் நீ இதே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாய். விரல்கள் மடங்கவில்லை. கழுத்து நரம்பு என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். "பாருடா, யாரு கையோ மாதிரி கீது" என்றாய். தறியை விட்டு கம்ப்யூட்டருக்கு வந்து பட்டுப் புடவைக்குக் கட்டம் கட்டமாக டிசைன் போட்டுக்கொண்டிருந்த உனக்கு, ஒரு கீயைக்கூட அழுத்த முடியவில்லை. ஆறு மாதமாக மல்லிகாதான் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்ல அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு பார்டருக்கு ஆயிரக்கணக்கான கட்டம். நீ கத்துவாய். அவளும் கத்துவாள்.

அன்று அவளும் கூட வந்திருந்தாள். "டீ போட எழுந்தாகூட எங்க போறன்றாரு. நான் இவருக்குப் பொண்டாட்டியா, பத்து வெரலான்னே தெர்லண்ணா" என்று சிரித்தபடிதான் சொன்னாள். நீ தலையைத் தூக்கவில்லை. அவள் மருந்துக் கடைக்குப் போனதும் சொன்னாய்: "பேஜாரா கீதுடா. அவ மூஞ்சியப் பாக்க முடியல. எதனா வழி பண்ணு."

"காலு நல்லாதான கீது?"

"இருவது வருசம் தறி மிதிச்ச காலு. அதுக்கு இன்னா கேடு?"

"அப்ப கால்ல அடி."

நீ என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

சென்னையிலிருந்து கட்டைவிரல் அளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றை வரவழைத்தேன். நாம் எழுதிக் கொடுக்கும் புரோகிராமை அது ஓட்டும். யுஎஸ்பி ஒயரைச் செருகியதும் 'நான் ஒரு கீபோர்டு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். "பொய் சொல்ற பொருளா?" என்று கேட்டாய். "உனக்கேத்த ஜோடி" என்றேன். உன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய தறியின் மிதிகளில் இரண்டை எடுத்து, அளவாக அறுத்து, ஒரு பலகையில் பொருத்தினோம். ஒவ்வொரு மிதிக்கு அடியிலும் ஒரு காலிங் பெல் சுவிட்ச். இடது மிதி கட்டத்தை வெறுமனே தாண்டும். வலது மிதி நிறம் போட்டுவிட்டுத் தாண்டும். வரிசை முடிந்தால் அடுத்த வரிசைக்குத் தானே போகும்.

முதல் நாள் உன் வீட்டில் வைத்துப் பார்த்தோமே, மறக்க முடியுமா? மயில் பார்டர். மயிலின் மூக்குவரை வந்துவிட்டாய். ஒரு கட்டம் போட வலது மிதியை மிதித்தாய். மிதித்த கால் மேலே வரவே இல்லை. சிவப்புக் கட்டங்கள் மூக்கிலிருந்து கிளம்பி வரிசை முடியும்வரை ஓடிவிட்டன.

"காலை எடுடா! எடு!"

"நாடா தாண்ற வரைக்கும் மிதிய உடக் கூடாதே."

"இங்க நாடா ஏதுடா?"

"அது காலுக்குத் தெரியுமா?"

தறியில் குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை மிதியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் இழை அறுந்துவிடும். இருபது வருஷம் படிந்த பழக்கம். ஒரு வாரம் திட்டிப் பார்த்தேன், உன் கால் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். எவ்வளவு நேரம் மிதித்தாலும் ஒரு தடவை என்றே கணக்கு, விட்டு மிதித்தால்தான் அடுத்தது என்று புரோகிராமை மாற்றி எழுதினேன். அதற்குள் மல்லிகா அந்த மயிலைப் பார்த்து, "நாக்க நீட்டிகினு கீது பாருங்க, இவரு மாதிரியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்திருந்தாள்.

அப்புறம் ஒருநாள் கடைக்கு வந்து, பெரிய சேதி போலச் சொன்னாய்: "மதியத்துல படுத்துத் தூங்குறாடா. கொறட்ட வேற." உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. தப்பாகப் போட்ட கட்டத்தை எடுக்க, கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்கு மட்டும் அவளை எழுப்ப வேண்டியிருந்தது. பார்டரில் ஒரு கட்டம் தவறினால் புடவை நீளத்துக்கும் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும். தப்பை வைத்துக்கொண்டு நீ அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டாய். எழுப்ப மனம் வராமல், அவள் தானாக எழும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாய். "நல்லதுக்கு நானு, தப்புக்கு அவளா? இன்னொரு மிதி வெச்சிக் குடுடா" என்றாய்.

மூன்று தடவை கேட்டாய். முதல் தடவை கண்ணமங்கலத்தில் ஒரு கடைக்குக் கேமரா மாட்டப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை என்ன சாக்குச் சொன்னேன் என்பதே நினைவில்லை. மூன்றாவது தடவை நீ வாசலிலேயே நின்றாய். "ஜல்தி இல்லடா. உனக்கு எப்ப முடியுதோ அப்ப" என்றாய். "அடுத்த வாரம்" என்றேன். நாம் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. எனக்கு வேலை இருந்தது உண்மை. அது அரை மணி நேர வேலை என்பதும் உண்மை.

இன்று படியிறங்கும்போது மல்லிகா சொன்னாள்: "அன்னிக்கு மதியம் நான் தூங்கிகினு இருந்தேன். எழுப்பவே இல்லண்ணா. எழுந்து பாத்தா நாற்காலில சாஞ்சிகினு இருந்தாரு. ஸ்கிரீன்ல அந்த ஒரு கட்டம்."

மாரடைப்பு என்றார்கள். மூன்றாவது மிதி இருந்திருந்தாலும் அது உன்னைப் பிடித்து நிறுத்தியிருக்காது. அது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் உன் கடைசி மதியத்தில் ஒரு தப்பை எதிரே வைத்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாமல் நீ காத்திருந்தாய். அந்தக் காத்திருப்பு நான் கொடுத்தது.

மதியத்துக்கு மேல் ஒருவழியாகப் பையைத் திறந்தேன். பலகையில் மூன்று மிதிகள் இருந்தன.

மூன்றாவதை நீயே பொருத்தியிருக்கிறாய். அடியில் புது சுவிட்ச். ஆணி ஒன்று வளைந்திருக்கிறது, இன்னொன்று பாதி இறங்கி நிற்கிறது. பழைய தறிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறாய். கயிற்று முனையெல்லாம் பல் பதிந்த தடம். அந்த விரல்களோடு எத்தனை நாள் மல்லுக்கட்டினாயோ! சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து, முனையைக் கடித்துச் சீவி, டேப் சுற்றி எனக்காக வைத்திருக்கிறாய். ஈயம் வைத்துப் போர்டில் பற்றவைப்பது மட்டும்தான் பாக்கி. இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை.

பற்றவைத்தேன். புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பென் டிரைவைச் செருகி உன் பார்டரைத் திறந்தேன். அன்னம் வரிசை, நேர்த்தியாக இருந்தது. கடைசி அன்னத்தின் கழுத்துக்கு வெளியே அந்த ஒரு கட்டம் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது மிதியை மிதித்தேன். போர்டில் விளக்கு மின்னியது. கட்டம் அப்படியே நின்றது. மறுபடி மிதித்தேன். அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. மூடித் திறந்த ஃபைலில் முன்பு செய்தது எதையும் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்காது. திறந்தபிறகு செய்த தப்பைத்தான் அது திருப்பி எடுக்கும். உன்னுடையது அதற்குத் தப்பே இல்லை, டிசைன்.

கட்டத்தைக் கையால் எடுத்து, பார்ட்டிக்கு ஒரு காப்பி போட்டு மல்லிகாவுக்கு வைத்திருக்கிறேன். நீ விட்டுப் போனபடியே இன்னொரு காப்பி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் கை வைக்க மாட்டேன்.

பலகையை என் மேசைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் என் கால் மூன்றாவது மிதியின்மேல்தான் இருக்கிறது. அழுத்தியே பிடித்திருக்கிறேன், நாடா தாண்டட்டும் என்று.