காற்றடிக்கிற நாளில் நீ கூப்பிடுகிறாய்

பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ சௌக்கியமா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்தத் தடவை அப்படிப் போவதாக இல்லை. நீ சௌக்கியமா? இதற்குப் பதில் வாங்கத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் அந்தச் சிரிப்பில் மயங்கிக் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். காகிதம் என்றால் உன் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், அதனிடம் உன்னால் பேச்சை மாற்ற முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதித்துவிட்டு வீட்டுக்கு வந்து மூக்குக்கு நேராக இருக்கிற சாவியைத் தேடுகிறான். உன் அறையை அவனுக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் உன் அலமாரிப் பக்கம் அவன் கை வைக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு, அதனால் அவன் சட்டைகள் எல்லாம் நாற்காலி மேல்தான் குடியிருக்கின்றன. அம்மாவுக்குத் தையல் கடையில் கழுத்து வரை வேலை, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அல்லவா, வளரும் பிள்ளைகள் என்று சீருடையைப் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள், அதையெல்லாம் கீழே மடித்துத் தைத்துக் கொடுக்க இவள்தான் கிடைத்தாள். கீழ்வீட்டு அம்மா மறுபடியும் என்னை மாடிப்படியில் மடக்கி, “உங்க பொண்ணு இப்ப என்ன வேலையா இருக்கா” என்று கேட்டார். கடலில் வேலை என்றேன். கப்பலா என்றார். கப்பல் இல்லை, பலகை என்றேன், கூடவே பெரிய காற்றாடியும் உண்டு என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாள் அம்மாவிடம் மட்டும் “உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று விசாரித்திருக்கிறார்.

எனக்கு இப்போது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை. நான் ஓட்டுகிற கிரேனை இன்னும் உயரமாக்கிவிட்டார்கள். கூண்டில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது, மொட்டை மாடிகளில் காய்கிற துணி, தண்ணீர்த் தொட்டிகள், பஸ் நிலையத்தில் வளைந்து திரும்புகிற பஸ் எல்லாம் தெரிகிறது. எவ்வளவு உயரம் ஏறினாலும் உன் கடல் மட்டும் தெரிவதில்லை. தெரியாது என்று தெரிந்தும் தினமும் ஒரு தடவை அந்தத் திசையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். என் தலைக்கு மேலே காற்றை அளக்கிற கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், உனக்குத் தெரிந்ததுதான். காற்று அளவு மீறினால் கூண்டுக்குள் மணி கத்தும், உடனே பாரத்தை இறக்கிவிட்டு, கொக்கியை மேலே ஏற்றி, கிரேனின் நீளக் கையைப் பூட்டாமல் விட்டுவிட்டு நான் இறங்கிவிட வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுதான் உனக்குக் கொண்டாட்டம். காற்றடித்தால் அப்பா வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாய், கிளை ஆடினால் ஓடி வருவாய், ஆடாவிட்டால் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவாய் என்று அம்மா சொல்வாள். ஜன்னல் கம்பியில் ஒரு நாடாத் துண்டைக் கட்டிவைத்து, அது அசையாமல் தொங்கினால் வாயால் ஊதிப் பார்ப்பாயாம். அன்றைக்குக் காற்று என்னை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. இன்றைக்கு அதே காற்று உன்னைக் கரை கரையாக இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு கடலில் பருவம் முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கடலுக்குப் போய்விடுகிறாய். எனக்குக் காற்றின் மேல் பொறாமை, இதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

உன் வழக்கம் எனக்கு அத்துப்படி. காற்று இருந்தால் காற்றாடியும் பலகையுமாகத் தண்ணீரில் கிடப்பாய், கற்றுக்கொள்ள வந்தவர்களை மேய்ப்பாய். காற்று இல்லாமல் அலை மட்டும் இருந்தால் அந்த நீளப் பலகையை எடுத்துக்கொண்டு அலை ஏறப் போய்விடுவாய். இரண்டும் இல்லாமல் கடல் சும்மா கிடந்தால்தான் உனக்கு வீட்டு ஞாபகம் வரும். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உலகத்துக் காற்றையெல்லாம் காட்டுகிற ஏதோ ஒன்றைத் தம்பி என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். காலையில் கூண்டுக்கு ஏறும் முன் என் இடத்துக் காற்றைப் பார்ப்பேன், அப்புறம் உன் கரையின் காற்றையும் அலையையும் பார்ப்பேன். உன் பக்கம் ஓய்ந்து கிடந்தால் அன்று சாயங்காலம் போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருப்பேன். அம்மாவிடம் “இன்னைக்கு கூப்பிடுவா பாரு” என்பேன். சொன்னபடி நீயும் கூப்பிடுவாய். அம்மா என்னை ஏதோ ஜோசியக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பாள், நானும் உண்மையைச் சொல்லி என் மதிப்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நீ தினமும் கூப்பிடுகிறாய். முதலில் சந்தோஷத்தில் எங்களுக்கு எதுவுமே தோன்றவில்லை. அம்மா கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துவிடுவாள், தம்பி சோப்பு போட்ட முகத்தோடு வந்து நிற்பான். நீயும் அவசரமே இல்லாமல் பேசினாய், தம்பியைச் சீண்டினாய், நான் மாத்திரை போட்டேனா என்று கூடக் கேட்டாய். அப்புறம் ஒரு காலையில் போனைப் பார்க்கிறேன், உன் கரையில் அம்புக்குறி எல்லாம் சிவந்து கிடக்கிறது. என் கிரேனாக இருந்தால் நிறுத்திவிட்டு இறங்கியிருப்பேன். இன்றைக்கு அவளுக்கு வேலை மும்முரம், கூப்பிட மாட்டாள் என்று போனைப் பையில் போட்டேன். சரியாகச் சாயங்காலம் கூப்பிட்டாய். “தண்ணிக்கு போகலையாம்மா” என்றேன். “இன்னைக்கு காத்தே இல்லப்பா” என்றாய். போன் படத்தில் உன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரை அறைக்குள்ளே படுக்கைவாட்டில் நின்று படபடத்துக்கொண்டிருந்தது. காற்றைப் பார்த்துப் பார்த்தே ஆயுசைக் கழித்தவனிடம் போய் நீ அந்தப் பொய்யைச் சொன்னாய். சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், என் முகம் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான்.

அதற்கப்புறம் பார்க்கப் பார்க்க எல்லாம் பிடிபட்டது. முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே பேசுவாய், படம் ஆடி ஆடி அம்மாவுக்குத் தலை சுற்றும். இப்போது எதிலோ சாய்த்து வைத்துவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாய். வலது தோள் படத்துக்குள் வருவதே இல்லை. டீக் கோப்பையை இடது கையால் எடுக்கிறாய், வைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாய். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. நீ கூப்பிடும்போது நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சிரித்ததை நீ பார்த்தாயே, அது இதனால்தான். நேற்று சாப்பிடும்போது அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அவளுக்கு கையில ஏதோ ஆயிருக்கு, உங்களுக்கு தெரியும், தெரியாத மாதிரி இருக்கீங்க” என்றாள். உனக்கும்தான் தெரிந்திருக்கிறது, நீ மட்டும் சொன்னாயா என்றேன். தம்பி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு “எனக்கும் தெரியும்” என்றான்.

எப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. நீ முன்பு லீவில் வந்தபோது கூடத்தில் என்னை நிறுத்தி அந்த இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டு விளக்கினாயே, தாங்க முடியாத காற்று வந்தால் இந்தப் பிடியைத் தள்ளிவிட வேண்டும், காற்றாடி வலுவிழந்து தண்ணீரில் படுத்துவிடும் என்று. “உங்க கிரேன் மாதிரிதான்ப்பா, தாங்கலன்னா விட்டுடணும்” என்றாய். உண்மைதான், பெருங்காற்றில் கிரேனின் கையைப் பிடித்து நிறுத்தினால்தான் ஆபத்து, விட்டுவிட்டால் காற்று போகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். பெண்பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லித்தான் இத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது இரும்புக்குப் போட்ட சட்டம். காற்று நின்றதும் என் கிரேன் அதே இடத்தில்தான் இருக்கும், மறுநாள் ஏறிப் போய் உட்கார்ந்துகொள்வேன். உன்னிடம் அப்படி ஏறி வர முடிகிறதா. அன்றைக்கு நீ பிடியைத் தள்ளினாயா, தள்ளத் தாமதித்தாயா, இல்லை காற்றாடிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதாவது அலை தூக்கி மணலில் அடித்ததா, எதுவானாலும் சொல். திட்ட மாட்டேன். எலும்பா, தசையா, டாக்டர் என்ன சொன்னார், ராத்திரி தூங்க முடிகிறதா, அதையும் எழுது.

நீ ஏன் மறைக்கிறாய் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. சொன்னால் போதும், அம்மா ‘விட்டுட்டு வந்து சேரு’ என்று ஆரம்பிப்பாள் என்று பயம். ஆரம்பிக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறாள், அவள் சத்தியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது உனக்கே தெரியும், ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். தொழிலை விடச் சொல்லி நான் எழுதவில்லை. நீ தண்ணீரை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் நிற்கிற படத்தை என் கூண்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். கீழே நின்று எனக்கு சிக்னல் சொல்கிறவர், நாங்கள் லவுட்ஸ்பீக்கர் என்று கூப்பிடுகிற மனிதர், ஒரு நாள் மேலே வந்து அதைப் பார்த்துவிட்டு, “அப்பனும் பொண்ணும் தரையில கால் வைக்கவே மாட்டீங்களா” என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லைதான். ஆனால் கை சரியாகும் வரைக்கும் இங்கே வந்து இரு. உன் கட்டில் தயார், தம்பி தன் சட்டைகளோடு கூடத்துக்கு வந்துவிடுவான். பயணம் செய்ய முடியாத நிலை என்றால் சொல்லிவிடு, அம்மா கிளம்பி வருவாள், அவளுக்குப் பிளேன் ஏறத் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே, ஏறி உட்கார்ந்தால் அது பாட்டுக்குப் போகப் போகிறது. உன் விருப்பம் போல் செய் என்று எழுதுகிற பெருந்தன்மை இன்றைக்கு என்னிடம் இல்லை. வா என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ தினமும் கூப்பிட்ட இந்த நாட்கள் இருக்கிறதே, இந்த வீடு இப்படிக் கலகலவென்று இருந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. உனக்கு வலிக்கிறது என்று தெரிந்த பிறகும் சாயங்காலம் ஆனால் என் கை போனைத் தேடுகிறது, மணி அடித்தால் மனசு துள்ளுகிறது, துள்ளின மறுகணம் என் மேலேயே கோபம் வருகிறது. உனக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குணமானால் தண்ணீருக்குப் போய்விடுவாய், அப்புறம் இந்தப் பேச்செல்லாம் இருக்காதே என்பதும் அதே மூச்சில் தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகட்டும், வேண்டுதலில் மாற்றம் இல்லை. உன் கரையில் நல்ல காற்று அடிக்கிற நாளில் நீ எங்களை மறந்து கிடக்க வேண்டும், அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவையும் நாலு வரி எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். “நீங்களே எழுதுங்க, நான் எழுதினா காகிதம் நனைஞ்சுடும்” என்றாள். அப்புறம் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். நான் உன் தோளையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பார்த்தது உன் தலையையாம். அந்தச் சடை நீ போட்டது இல்லையாம். நீ போட்டால் உப்பில் விறைத்த முடியை வாரிச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டில் அடைத்திருப்பாய், இதுவோ சிக்கு எடுத்து, சீவி, நுனி வரைக்கும் ஒழுங்காகப் பின்னி முடிந்திருக்கிறது. வகிடும் நீ எடுக்கிற பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. “கை தூக்க முடியாதவளுக்கு யாரோ தினமும் தலை வாரி விடறாங்க” என்றாள். நீ பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் மடியில் வெறும் காற்றில் மூன்று கால் எடுத்துப் பின்னிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஏதோ தையல் ஞாபகம் என்று நினைத்துவிட்டேன். அவர் யார் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை, சிநேகிதியோ, வீட்டுக்காரம்மாவோ, நீ எங்களிடம் இன்னும் சொல்லாத வேறு யாரோ, சொல்லத் தோன்றும்போது சொல்.

மருந்தை நடுவில் நிறுத்தாதே, வலி குறைந்துவிட்டது என்று பலகையைத் தொடாதே, பதிலை இடது கையால் கிறுக்கினாலும் சரி, உண்மையாக எழுது. உனக்கும், உன் தலையைத் தொடுகிற அந்தக் கைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அவரிடம் அம்மா சொல்லச் சொன்னது ஒன்று உண்டு. உன் முடி பிறந்ததிலிருந்தே இடது பக்கம்தான் பிரியுமாம், வகிட்டை அங்கே எடுத்தால் உனக்கு வலிக்காதாம்.

இப்படிக்கு,
நீ வருகிற வழியைப் பார்த்திருக்கும் அப்பா