இரண்டு மெஷினுக்கு நடுவில் ஒரு பெட்டி

5 ஜூன் 1988, ஞாயிறு. திருப்பதி

காலையிலேயே சுவர் சுடுகிறது. மலை மேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது, இறங்கி வர மனசில்லை. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினேன், பாதி. கை எரிச்சல்.

சித்தூர் சர்ச்சுக்கு யாரும் போகவில்லை. என் மகன் ஜெயசீலன் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கம்ப்யூட்டர் ரூம் அவன் பொறுப்பு. மத்தியானம் வந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தான். பெற்றவளுக்குத் தெரியாதா. பயம்.

கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு சொன்னான். ஆஸ்பத்திரியில் பீரோ பீரோவாக ஒரு பழைய மெஷின். நோயாளி பெயர், வார்டு, பில் எல்லாம் அதற்குள். இப்போது லேபுக்கும் மருந்து ரூமுக்கும் மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின்கள் வந்திருக்கின்றன. பழையதும் புதியதும் பேசிக்கொள்ளாது. பாஷை வேறாம். நடுவில் ஒரு பெட்டி வேண்டும். கேட்வே என்று பெயர்.

"துபாஷி மாதிரியாடா?"

"அதேதாம்மா. இவன் சொல்றத அவனுக்கு சொல்லணும், அவன் சொல்றத இவனுக்கு சொல்லணும்."

துபாஷிகளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் மிஷன் துரை பிரசங்கம் பண்ணுவார், பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வார். துரை தொண்டை அடைத்து நின்ற இடத்தை எல்லாம் இவர் தாண்டிப் போய்விடுவார். துரையின் முகத்தைப் பார்த்து மீதியை நாங்களே தெரிந்துகொண்டோம். மெஷினுக்கு முகம் ஏது.

பெட்டி இரண்டு வந்திருக்கிறதாம். மெட்ராஸ் கம்பெனியுடையது கறுப்பு. ஹைதராபாத் கம்பெனியுடையது வெள்ளை. எது என்று ஜெயசீலன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைரக்டர் தெலுங்கில் சொன்னாராம், கையெழுத்தும் உன்னுது, தலையும் உன்னுது என்று.

7 ஜூன், செவ்வாய்

கரண்ட் இல்லை. விசிறி மட்டையால் தோள்பட்டை வலி. மருமகள் சுகந்திக்கு லேபில் காலை டூட்டி. பேத்தி ரூபிக்கு வேர்க்குரு.

கறுப்புப் பெட்டியை விற்க வருகிறவன் யார் என்று இன்றுதான் சொன்னான். வில்சன். சித்தூர் பாக்கியநாதனின் மகன்.

மறப்பேனா. என் மகள் கிரேஸ் கல்யாணத்துக்கு சர்ச்சில் ஓலை வாசித்தார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது. இரண்டு ஞாயிறு ஒரு சத்தமில்லை. மூன்றாம் ஞாயிறு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்டதும் பாக்கியநாதன் எழுந்தான். பச்சைக் கரை அங்கவஸ்திரம். வாயில் கிராம்பு வாசனை, எங்கள் பெஞ்சு வரை வந்தது. மாப்பிள்ளை குடிகாரன் என்றான். மாப்பிள்ளை வீட்டார் அப்படியே எழுந்து வெளியே போனார்கள். குடிகாரன் அந்தப் பையன் இல்லை, அவன் பெரியப்பா மகன். ஊருக்கே பிறகு தெரிந்தது. பாக்கியநாதன் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரேஸ் இன்றைக்கும் நாக்பூரில் டீச்சர், தனி அறை, தனிச் சமையல்.

"அது அவுங்க நைனா பண்ணதும்மா. வில்சன் இன்னா பண்ணான்?"

"சுரை போட்டா அவரை மொளைக்குமாடா?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

9 ஜூன், வியாழன்

இரண்டு பெட்டியையும் மாட்டிப் பார்த்தார்களாம். ஜெயசீலன் சொன்னது:

கறுப்பு - மெதுவு. வில்சன் நாள் பூராவும் உட்கார்ந்து நோண்டினான். தொட்டால் சூடு. கூப்பிட்டால் ஆள் வருவான்.

வெள்ளை - வேகம். பச்சை விளக்கு வரிசையாக மினுக்கும். டைரக்டர் பார்த்துச் சிரித்தார். ரிப்பேர் என்றால் ஹைதராபாத்திலிருந்து வர வேண்டும்.

மருந்து ரூம் மெஷின் ஒரு கம்பெனி, லேப் மெஷின் வேறு கம்பெனி, பெரியது மூன்றாவது கம்பெனி. மூன்று பேருக்கும் ஒரே பெட்டி. தலை சுற்றுகிறது. கொழுக்கட்டைக்கு அரிசி ஊறப் போட மறந்தேன்.

சுகந்தி சமையல் ரூமில் மெதுவாக, "அத்தை, உங்க புள்ள தூங்கறதே இல்ல. பல்ல கடிச்சுகினே கீறாரு" என்றாள்.

இவனுக்கு முன்னே அந்த நாற்காலியில் இருந்தவன் உதவாத பிரிண்டர் ஒன்றை வாங்கினானாம். அனுப்பிவிட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறான். ஜெயசீலன் தினம் அந்த வழியாகத்தான் வருகிறான். அவன் இவனைக் கும்பிடுகிறானாம்.

11 ஜூன், சனி

இதை எழுதலாமா கூடாதா தெரியவில்லை.

முடிவு தெரியாத காரியத்துக்கு எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவது வழக்கம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த நாளிலிருந்தே. ஜெயசீலனுக்குச் சுகந்தியா, வேலூர்ப் பெண்ணா என்று பார்த்ததும் அப்படித்தான். காலையில் ஜெயசீலனே, "நீயே எடுத்துக் குடும்மா" என்றான். சர்ச்சில் அவர் காணிக்கை எடுத்த பழைய வெல்வெட் பை. காகிதம் வேண்டாம் என்று பட்டன் போட்டான். கறுப்புப் பெட்டிக்கு அவர் கோட்டுப் பட்டன். வெள்ளைப் பெட்டிக்குச் சட்டைப் பட்டன்.

அவன் ஜெபம் பண்ணினான். நான் கண்ணை மூடிப் பைக்குள் கையை விட்டேன்.

முதலில் விரலில் பட்டது பெரியது. கோட்டுப் பட்டன். விரலுக்குத் தெரிந்துவிட்டது. பச்சைக் கரை அங்கவஸ்திரம் கண்ணுக்குள் வந்தது. பெரியதைத் தள்ளிவிட்டுச் சின்னதை எடுத்தேன்.

"வெள்ளை" என்றான். பெருமூச்சு. ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டான்.

யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர் பார்த்திருப்பார்.

12 ஜூன், ஞாயிறு. சித்தூர்

முதல் பஸ். ஜன்னல் ஓரம். மாங்காய்க் கூடைகள் என் காலடியில், கால் நீட்ட வழியில்லை.

சர்ச்சில் பாட்டு வாயில் வரவில்லை. முன் பெஞ்சில் பாக்கியநாதன், கைத்தடி, கழுத்து கோழிக் கழுத்தாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே செருப்புப் போடும்போது வில்சன்.

"பெரிம்மா, நல்லாகீறீங்களா? எங்க பெட்டி வேணாம்னுட்டாராமே. பரவால்ல. அந்த வெள்ளப் பெட்டி லேப் ரிப்போர்ட்ட ஒழுங்கா எடுத்துகினு போவுதான்னு மட்டும் பாக்க சொல்லுங்க."

"தோத்துட்டு புத்தி வேற சொல்றியா? உங்கப்பன்கிட்ட கத்துகினதா?"

சிரித்தான். கோபமே வரவில்லை அவனுக்கு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் சொன்னதை ஜெயசீலனிடம் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் ஏன் சுமக்க வேண்டும்.

20 ஜூன், திங்கள்

பெட்டி மாட்டியாயிற்று. டைரக்டர் கை கொடுத்தாராம். லட்டு வந்தது. ஜெயசீலன் இரண்டு தட்டு சோறு. தூங்குகிறான். வாசலில் யாராவது வந்தால் ஆஸ்பத்திரி ஆளோ என்று எட்டிப் பார்க்கிறேன். என் பங்கு லட்டை ரூபிக்குக் கொடுத்துவிட்டேன்.

மழை நாலு சொட்டு. புழுதி வாசனை, அவ்வளவுதான்.

23 ஜூன், வியாழன்

சுகந்தி வந்து முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெள்ளை. தண்ணீர் கொடுத்தேன், டம்ளர் பல்லில் மோதியது.

புத்தூர்ப் பக்கத்துப் பெண். பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. அவள் ரத்தம் ஓ நெகடிவ். சுகந்தி தன் கையால் பார்த்து மெஷினில் அடித்தது. ஓ, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பெட்டி ஓவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோட்டை வழியிலேயே விட்டுவிட்டது. வார்டில் வெறும் ஓ.

கையால் எழுதின காலத்திலிருந்தே அந்த வார்டில் ஒரு பழக்கமாம். பாசிடிவ் என்றால் குறி போடமாட்டார்கள், நெகடிவ்வுக்கு மட்டும் கோடு. அதனால் கோடு இல்லை என்றால் பாசிடிவ். நர்சுக்குச் சந்தேகமே வரவில்லை. பாசிடிவ் பாட்டிலைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டாள்.

"வேற வேலையா அந்தப் பக்கம் போனேன் அத்தை. பாட்டில்ல சீட்டு பாத்தேன். ஊசி இன்னும் குத்தல. கத்திட்டேன். நான் போவாம இருந்திருந்தா?"

அந்தப் பெண்ணுக்குச் சரியான ரத்தம் ஏற்றியாயிற்று. பிழைத்தாள். குழந்தையும் சுகம்.

அந்தப் பட்டனை எடுத்தது என் கை.

24 ஜூன், வெள்ளி

ஜெயசீலன் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். இனி தாங்காது என்று சொல்லிவிட்டேன். பெரிய பட்டன் முதலில் பட்டதையும் தள்ளினதையும்.

என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்மா" என்றான்.

"இன்னாடா தெரியும்?"

"நீ வில்சன் பட்டன தொடமாட்டன்னு தெரியும். அதான் கைக்கு தெரியற மாதிரி பெருசா பாத்து வெச்சேன். டைரக்டருக்கு வெள்ளைதான் புடிச்சுது. எனக்கும் அதான் ஆச. தனியா கையெழுத்து போட பயம். சீட்டுல வந்துதுன்னா ஒரு தெம்புன்னு..."

கை ஓங்கிவிட்டேன், முப்பது தாண்டின பிள்ளையை. அடிக்கவில்லை. அவனும் பயந்து, நானும் பகை வைத்து, நடுவில் கர்த்தர் பெயர்.

சுகந்தி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "பெட்டி மாட்டி பாத்த அன்னிக்கி வில்சன் ஒருத்தர்தான் லேபுக்கு வந்து, இன்னிக்கி அடிச்ச ரிப்போர்ட் அத்தனையும் குடுங்க, ஒண்ணு விடாம அனுப்பி பாக்கணும்னாரு. வெள்ளப் பெட்டிக்காரர் பேரும் பில்லும் அனுப்பி காமிச்சுட்டு காபி குடிச்சுகினு போய்ட்டாரு."

"வில்சன் பெட்டி கோடு விடலையா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அதுவும் விட்டுச்சு. ஒக்காந்து சரி பண்ணாரு. அதுக்குதான் அன்னிக்கி பூரா ஆச்சு."

ஜெயசீலன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த ஒரு நாளைத்தான் இவன் மெதுவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பெட்டி வழியாகப் போகப்போகிறது எதுவோ அதை அனுப்பிப் பார்க்காமல், விளக்கு மினுக்குவதைப் பார்த்திருக்கிறான்.

சர்ச் வாசலில் வில்சன் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். சோறு அப்படியே இருக்கிறது, மூன்று தட்டிலும்.

25 ஜூன், சனி

அனல். காக்காய்கூடக் கத்தவில்லை.

காலையில் ஜெயசீலன் யாரையும் கேட்காமல் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டானாம். லேபில் எல்லாம் மறுபடி கையால் எழுத்து. டைரக்டர் முன்னால் நின்று, நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று சொல்லியிருக்கிறான். அவர், சாயங்காலத்துக்குள் சரியான பெட்டியை மாட்டிக் காட்டு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வராதே என்றாராம். ரூபியைப் பார்க்க வந்த சுகந்தி சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள். வில்சனுக்கு போன் போட்டிருக்கிறார்களாம். நேராக வீட்டுக்கு வருவான், உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிக்கிறவன் முகம் எனக்குத் தெரியாது. காலையிலிருந்து ஜெயசீலன் முகமாகத் தெரிகிறது.

ஆட்டோ சத்தம். ஜன்னலில் பார்த்தேன். வில்சன், தோளில் கறுப்புப் பெட்டி. பின்னால் கைத்தடியை ஊன்றி இறங்குகிறான் பாக்கியநாதன். கண்ணில் பச்சைத் துணி கட்டியிருக்கிறது, கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிவந்திருப்பான்.

என்ன பேசுவேன். என்ன கேட்பான். கிரேஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டால்?

நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.

ரூபி கத்துகிறாள், "ஆயா, தாழ்ப்பா எனக்கு எட்டல. அந்தத் தாத்தா வெயில்ல நிக்கிறாரு."

போகிறேன்.